ரயிலில் மேற்கே: ஒரு லண்டன்காரியின் கடைசி அமெரிக்க வாரம்

மே 17, இரவு. அர்பானா, இல்லினாய்ஸ்

அறை காலி. ஒன்பது மாதமாக எனக்கும் அயோவாவிலிருந்து வந்த என் அறைத்தோழிக்கும் நடுவில் இருந்த ஒரே எல்லை ஒரு குட்டி ஃப்ரிட்ஜ்தான், அதையும் இன்று மத்தியானம் அவளுடைய அப்பா காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கிலாந்தில் பல்கலைக்கழக விடுதி என்றால் ஆளுக்கு ஓர் அறை, கதவைச் சாத்தினால் தனி உலகம். இங்கே ஓர் அறைக்குள் இரண்டு கட்டில், அவள் தூங்கும்போது நான் மூச்சுவிடவும் யோசித்த முதல் மாதம், அப்புறம் அவள் குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராத கடைசி மாதம்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் இங்கிலாந்தில் அமெரிக்கன் ஸ்டடீஸ் படிக்கிறேன். நாலு வருடப் பட்டம், மூன்றாம் வருடத்தை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கவேண்டும். “அமெரிக்காவைப் பற்றிப் படிக்க ஒரு பட்டமா?” என்று இங்கே கூடப் படித்த பெடியன்கள் சிரித்தார்கள். அப்பாவும் அதே கேள்வியைத்தான் கேட்டார், ஆனால் அவர் சிரிக்கவில்லை.

நியூயார்க், கலிபோர்னியா என்று கனவு கண்டவளுக்குக் கிடைத்தது சோளக் காட்டு நடுவே ஷாம்பெய்ன், அர்பானா என்ற இரட்டை ஊர். எவ்வளவு சோளம் என்றால், வளாகத்தின் நடுவிலேயே 1876இல் தொடங்கிய ஒரு சோதனை வயல் இன்னும் இருக்கிறது, அதன் பக்கத்தில் 1969இல் நூலகம் கட்டியபோது பயிருக்கு நிழல் விழக்கூடாது என்று கட்டிடத்தையே பூமிக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். முதலில் கேட்டபோது புதுமுகங்களை ஏமாற்றும் கதை என்று நினைத்தேன். உண்மைதான்.

மாணவ வாழ்க்கையில் நான் தடுக்கி விழுந்தது இரண்டு இடத்தில். ஒன்று, மார்க். முதல் கட்டுரைக்கு 78 வந்தது. இங்கிலாந்தில் 70க்கு மேல் போனாலே முதல் வகுப்பு, அதனால் அம்மாவுக்குப் போன் பண்ணிக் கத்திவிட்டு அறைத்தோழியிடம் தாளைக் காட்டினால் அவள் என் தோளைத் தட்டி, “பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்கிறாள். இங்கே 78 என்றால் சி ப்ளஸ்! அப்புறம்தான் விளங்கியது, இங்கே முடிவுப் பரீட்சையில் எல்லாவற்றையும் கொட்டுகிற கதை கிடையாது, வாரா வாரம் குட்டிச் சோதனை, வகுப்பில் வாய் திறந்ததற்கு ஒரு மார்க், வந்ததற்கே ஒரு மார்க். லண்டன் பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருந்து பழகியவள், ஒன்பது மாதத்தில் கையைத் தூக்கப் பழகிவிட்டேன்.

இரண்டாவது, வயது. லண்டனில் 18 வயதில் சட்டப்படி பப்புக்குப் போனவள் இங்கே 20 வயதில் மறுபடியும் குழந்தை. 1984இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: 21க்குக் கீழே இருப்பவர்களுக்கு மது வாங்க இடம் கொடுக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் வெட்டு. ரோடு போடும் காசு யாருக்குத்தான் வேண்டாம், எல்லா மாநிலமும் வழிக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினேன், மனத்தாங்கலில். (அம்மா இந்தப் பக்கம் வரமாட்டார் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.)

இன்னொரு விஷயம் இருக்கிறது, அது தடுக்கலா என்று தெரியவில்லை. ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தவள் நான். அங்கே யாராவது “எந்த இடம்?” என்று கேட்டால் “ஹரோ” என்பேன், லண்டனில் எங்கள் பகுதி. “இல்லை, உண்மையில் எந்த இடம்?” என்று அடுத்த கேள்வி வரும். இங்கே வந்து முதல் நாள் காப்பிக் கடையில் வாய் திறந்தேன், “ஓ, நீ பிரிட்டிஷா!” என்று அந்தப் பெண் குதித்தாள். பதினாலு வருடம் லண்டனில் யாரும் எனக்குத் தராத பட்டத்தை ஒரு காப்பி வாங்கப் போன இடத்தில் தந்துவிட்டார்கள். ஒரு மாதம் இனித்தது. மன்னரைப் பற்றி நாற்பதாவது தடவை கேட்டபோது அலுத்துவிட்டது.

என்னுடைய விசாவில் படிப்பு முடிந்த பிறகு 30 நாள் ஊர் சுற்றலாம், வேலை மட்டும் செய்யக்கூடாது. என்னிடம் அவ்வளவு காசு இல்லை, ஒரு வாரத்துக்கு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானத்தில் போனால் நாலைந்து மணி நேரம். நான் ரயிலில் போகிறேன்.

மே 18. சிகாகோ, அப்புறம் மிசிசிப்பி

காலை ஆறு மணி ரயில், நியூ ஆர்லியன்ஸிலிருந்து ராத்திரி முழுக்க ஓடி வருவது. தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது இந்தப் பாதையில்தான் என்று இரண்டு செமஸ்டர் படித்தேன். இருக்கையில் சாய்ந்ததும் தூங்கிவிட்டேன், அவ்வளவுதான் என் சரித்திர உணர்வு.

சிகாகோ யூனியன் ஸ்டேஷன் 1925இல் திறந்தது. பெரிய மண்டபத்தின் கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் விழுந்துகொண்டிருக்க, கீழே நீளமான மர வாங்குகளில் ஒரு பக்கம் மடிக்கணினிக்காரர்கள், இன்னொரு பக்கம் கறுப்புத் தொப்பியும் தாடியும் வைத்த ஆண்கள், நீலச் சட்டையும் வெள்ளைத் துணித் தொப்பியும் போட்ட பெண்கள். ஆமிஷ் மக்கள், பழைய வழக்கப்படியே வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகம். சொந்தமாகக் கார் வைத்திருக்கமாட்டார்கள், விமானமும் பெரும்பாலும் ஏறுவதில்லை, ஆனால் ரயில் பரவாயில்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே ஆர்தர் என்ற இடத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், குதிரை வண்டியில் போவதை நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன், கிட்டப் போய்க் கதைத்ததில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு கலிபோர்னியா ஸெஃபிர் என்ற என் ரயில் கிளம்பியது. சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வரை 2,438 மைல், ஏழு மாநிலம், ஐம்பது மணி நேரத்துக்கு மேல், இரண்டு ராத்திரி. படுக்கை அறை எல்லாம் என் கைக்கு எட்டாது, சாய்கிற இருக்கைதான். பக்கத்து இருக்கையில் யார் வந்து உட்கார்ந்தது என்று நினைக்கிறீர்கள்? மண்டபத்தில் பார்த்த ஓர் ஆமிஷ் ஆச்சி. அயோவாவில் தங்கச்சியைப் பார்க்கப் போகிறாராம்.

அரை மணி நேரம் நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். அப்புறம் அவர் கூடையைத் திறந்து வீட்டில் சுட்ட பாணை எடுத்து ஒரு துண்டு நீட்டினார். சும்மா வாங்கிச் சாப்பிட ஒரு மாதிரி இருந்தது. என் பையில் ரொறன்ரோப் பெரியம்மா அனுப்பிய சீனிச்சம்பல் போத்தலில் கடைசிக் கால்வாசி இருந்தது, “உறைக்கும்” என்று எச்சரித்துவிட்டுத் திறந்தேன். நுனிவிரலால் தொட்டுப் பார்த்தார். வெங்காயமா என்றார். ஓம், வெங்காயம், சீனி, மிளகாய் என்றேன். பிறகு பாணில் நல்ல தடிப்பாகப் பூசிக்கொண்டு, கண் கலங்கக் கலங்க, முழுதாகச் சாப்பிட்டு முடித்தார்.

நான் எவ்வளவோ கதைத்தும் அவர் என் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கேட்டது: “வீட்டில் என்ன பாஷை?” ஒன்பது மாதத்தில் முதல் தடவை. தமிழ் என்றேன். அவர் தலையாட்டி, எங்களுக்கும் வீட்டுக்கு ஒரு பாஷை, வெளியே இங்கிலீஷ் என்றார். பென்சில்வேனியா டச்சு என்று பெயர், ஆனால் அது ஜெர்மனில் ஒரு வட்டார வழக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் சரியாக இங்கிலீஷ் பழகுவார்களாம், வேதம் வாசிப்பது இன்னொரு பழைய ஜெர்மனில். “பிள்ளைகள் உங்கள் பாஷையில் பதில் சொல்வார்களா?” என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒருநாள் இவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

ஐந்தரை மணிபோல் பர்லிங்டனில் மிசிசிப்பியைக் கடந்தோம். பழுப்புத் தண்ணீர், மரக்கட்டை மிதந்து போனது, எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ரயிலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆச்சி ஒட்டம்வாவில் இறங்கினார். இறங்கும்போது மிச்சப் பாணை என் இருக்கையிலேயே வைத்துவிட்டுப் போனார். போத்தலைக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு ரயில் கிளம்பிய பிறகுதான் தோன்றியது.

மே 19. கொலராடோ

(இதைப் போடத் தாமதம். மலைக்குள் சிக்னல் இல்லை.)

போர்வை கொண்டு போ என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அதைப் பெட்டியில் போட்டு லண்டனுக்கு அனுப்பிவிட்டேன். நெப்ராஸ்கா எப்படி இருந்தது என்று கேட்டால் குளிராக இருந்தது என்பேன், இருட்டில் வேறொன்றும் தெரியவில்லை. இரண்டு காற்சட்டை, மூன்று சட்டை, துவாய் ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டு விடியும் வரை இருந்தேன்.

ஏழு மணி கழித்து டென்வர். கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரம். இறங்கி நடந்து, தேத்தண்ணி கேட்டு, சுடுதண்ணீரும் ஒரு பையும் தனித்தனியாக வாங்கி, பால் எங்கே என்று தேடி... சரி, விடுங்கள். இந்த நாட்டில் தேத்தண்ணியைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன்.

டென்வரைத் தாண்டியதும் எல்லோரும் கண்ணாடிப் பெட்டிக்கு ஓடினார்கள். இரட்டைத் தட்டு ரயிலின் மேல்தட்டில் கூரை வரை ஜன்னல், இருக்கைகள் வெளியே பார்த்தபடி. சமவெளி ஒரு கோடு கிழித்தாற்போல் முடிகிறது, உடனே மலை தொடங்குகிறது, நடுவில் மேடு என்ற ஒன்றே இல்லை. ரயில் பெரிய வளைவு போட்டு ஏறும் இடத்தில், தண்டவாளத்தின் பக்கத்தில் பழைய சரக்குப் பெட்டிகள் வரிசையாக நின்றன. கைவிட்டவை என்று நினைத்தேன். இல்லையாம், மலைக்காற்று ரயிலைத் தள்ளாமல் இருக்க மணலை நிரப்பி வேண்டுமென்றே நிறுத்தி வைத்தவையாம். காற்றுக்கு வேலி! எதிரே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார், அவருக்கு இது ஏழாவது பயணம்.

அதன்பிறகு குகை மேல் குகை, இருபதுக்கு மேல் எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். கடைசியில் மொஃபாட் சுரங்கம், 6.2 மைல் நீளம், 1928இல் திறந்தது. உள்ளே போகும் முன் அறிவித்தார்கள்: டீசல் புகை உள்ளே வரும், பெட்டிகளுக்கு இடையே கதவைத் திறந்து நடக்கவேண்டாம். பத்து நிமிட இருட்டு. எங்கள் தலைக்கு மேலேதான் கண்டத்தின் முதுகெலும்பு, அதற்குக் கிழக்கே விழும் மழை அட்லாண்டிக் பக்கம் ஓடும், மேற்கே விழுவது பசிபிக் பக்கம். இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் இறங்கினால் மே மாதத்தில் பனி.

பிறகு மணிக்கணக்காகக் கொலராடோ நதியோடேயே ஓடியது ரயில். நான் எதிர்பார்த்த பிரமாண்டம் முதலில் இல்லை, பாய்ந்து கடக்கலாம்போல ஓர் ஓடை, பிறகு பிறகு அகலமாகி, க்ளென்வுட் பள்ளத்தாக்கில் இருபுறமும் கற்சுவர் எழும்ப, கதை நின்றுவிட்டது. பெட்டி முழுக்க ஒரே அமைதி. இத்தனை பெரிய ஆறு இப்போதெல்லாம் பெரும்பாலும் கடலைப் போய்ச் சேர்வதே இல்லை, வழியிலேயே நகரங்களும் வயல்களும் குடித்துவிடுகின்றன.

சாயந்தரம் யூட்டா எல்லையை நெருங்கும்போது செம்பாறைப் பள்ளத்தாக்கு. வாழ்நாளில் இப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை என்று நான் கைபேசியைத் தூக்கிய அதே நேரம், ஆற்றில் ரப்பர் படகில் போன நாலு பேர் எழுந்து நின்று, ரயிலுக்கு முதுகைக் காட்டி, காற்சட்டையை இறக்கினார்கள். இந்த ஆற்றில் இது நெடுநாள் வழக்கமாம். ஆசிரியர் கை அசைத்தார். என் மிக வடிவான படத்தில் நாலு வெள்ளைப் பின்பக்கம் இருக்கிறது, அம்மாவுக்கு அனுப்ப முடியாது.

பாறையில் ஒரு கோடு வரைந்து இந்தப் பக்கம் கொலராடோ, அந்தப் பக்கம் யூட்டா என்று எழுதியிருக்கிறது. காவல் இல்லை, கேள்வி இல்லை. ரயில் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

மே 20. நெவாடா, சியரா, எமரிவில்

நெவாடாவில் விடிந்தது. சாம்பல் நிறப் பற்றை, உப்பு வெளி, தூரத்தில் ஒரு லாரி. ஆச்சியின் பாணும் முடிந்தது.

ரீனோவுக்குப் பிறகு சியரா மலை ஏறினோம். ட்ரக்கியைத் தாண்டிக் கீழே டோனர் ஏரி தெரிந்தது. 1846இல் மேற்கே குடியேறக் கிளம்பிய 87 பேர் குறுக்குவழி என்று நம்பிப் போய், நேரத்தைத் தொலைத்து, இந்த இடத்தில் பனியில் மாட்டிக்கொண்டார்கள். பாதிப் பேர் அளவில்தான் பிழைத்தார்கள், எதைச் சாப்பிட்டுப் பிழைத்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை.

ஆனால் எனக்கு இந்த மலையில் பார்க்கவேண்டியிருந்தது வேறு. 1860களில் இந்தப் பாதையைச் செதுக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளிகள், பல ஆயிரம் பேர். கருங்கல்லில் கையால் துளை போட்டு, கறுப்பு வெடிமருந்து வைத்து, சிகரச் சுரங்கத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடி அளவுக்குத்தான் முன்னேற முடிந்ததாம். 1869 மே 10ஆம் தேதி கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் யூட்டாவில் சந்தித்தன, கொண்டாடினார்கள். 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். நடுவில் பதின்மூன்று வருடம். பழைய சிகரச் சுரங்கம் இப்போது பாவனையில் இல்லை, ரயில் வேறு சுரங்கத்தால் போகிறது, அதனால் நான் பார்க்க நினைத்ததைப் பார்க்கவில்லை.

கீழே இறங்க இறங்கச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சாக்ரமெண்டோவில் சூடு. நாலு மணி கழித்து எமரிவில்லில் ரயில் பயணம் முடிந்தது, அங்கிருந்து பஸ் பாலம் தாண்டி சான் பிரான்சிஸ்கோவுக்குள் கொண்டுபோய் விட்டது. விடுதியில் குளித்தேன். அதைவிட நல்ல விஷயம் எதுவும் இந்தப் பயணத்தில் இதுவரை நடக்கவில்லை.

மே 21

கலிபோர்னியா என்றால் வெயில் என்று நினைத்து வந்து, மூடுபனியில் நடுங்கி, ஊர்ப் பெயர் போட்ட ஜம்பர் ஒன்று வாங்கினேன். வீதியில் போனவர்களில் பாதிப் பேர் அதே ஜம்பர். கோல்டன் கேட் பாலத்தில் பாதி தூரம் நடந்தேன், 1937இல் திறந்தது, பெயர்தான் பொன், நிறம் செங்காவி. கேபிள் காரில் தொங்கினேன், வீதிக்குக் கீழே ஓடும் கம்பியை ஓட்டுநர் ஒரு பெரிய இடுக்கியால் பிடித்தும் விட்டும் வண்டியை ஓட்டுகிறார், கை எப்படித்தான் தாங்குகிறதோ. கால் வலி. நாளைக்கு ஒரு தீவு.

மே 22. ஏஞ்சல் தீவு

நகரத்திலிருந்து படகு. இறங்கியவர்கள் சைக்கிள், சாப்பாட்டுக் கூடை என்று ஒரு பக்கம் போக, நான் படிகளில் மூச்சு வாங்க ஏறி வடகரைப் பக்கம் நடந்தேன். 1910 முதல் 1940 வரை இங்கே குடிவரவு நிலையம் இருந்தது. நியூயார்க்கில் எல்லிஸ் தீவு போல என்பார்கள், ஆனால் அங்கே அநேகம் பேர் சில மணி நேரத்தில் வெளியே போய்விட்டார்கள், இங்கே சீனர்களை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள்.

மரக் கட்டிடம், மூன்றடுக்காகத் தொங்கும் இரும்புக் கட்டில்கள், ஜன்னலுக்கு வெளியே அழகான கடல். சுவரில் கவிதை. காத்திருந்தவர்கள் மரத்தில் கத்தியால் சீன எழுத்தில் செதுக்கியவை, இருநூறுக்கு மேல். 1970இல் கட்டிடத்தை இடிக்க இருந்த நேரத்தில் பூங்காக் காவலர் ஒருவர் டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததால் தப்பின. பலமுறை சாயம் பூசியும் பள்ளம் மறையவில்லை. எனக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது, ஒரு வரியின் மேல் விரலைக் கொண்டுபோய்த் தொடாமல் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த அறையில் விசாரணை பற்றி வைத்திருக்கிறார்கள். 1906 பூகம்பத்திலும் தீயிலும் நகரப் பதிவேடுகள் எரிந்துபோக, இங்கேதான் பிறந்தேன் என்று பலர் சொல்லலாயிற்று. இங்கே பிறந்தவர் குடிமகன், குடிமகனின் பிள்ளை உள்ளே வரலாம், அதனால் காகிதத்தில் மட்டும் மகன்கள் உண்டானார்கள். அதைப் பிடிக்க அதிகாரிகள் கேட்ட கேள்விகள்: உன் வீட்டுக்கு எத்தனை படி? உங்கள் தெருவில் எத்தனை வீடு? கிணறு எந்தப் பக்கம்? அதையே தகப்பனிடமும் தனியாகக் கேட்பார்கள். இரண்டு பதிலும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம், உண்மையான மகனாக இருந்தாலும்.

என் விசாவுக்கு லண்டனில் தூதரகத்தில் என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி, என்ன படிக்கிறாய், எப்போது திரும்புவாய். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அப்பா? அவர் எங்களுக்கு நாலு வருடம் முன்பே தனியாக லண்டன் வந்தவர், அகதி விண்ணப்பம், நேர்காணல், எல்லாம் நடந்தது தெரியும், அதற்கு மேல் வீட்டில் யாரும் கதைத்ததில்லை. வெளியே வந்து புல்லில் உட்கார்ந்து போன் போட்டேன். அங்கே இரவு எட்டரை.

“அப்பா, உங்களிட்ட அந்த நேரம் என்ன கேட்டவை?”

“எந்த நேரம்?”

“இன்டர்வியூவில.”

கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார், ஊரைப் பற்றித்தான். பள்ளிக்கூடம் பேர் என்ன, கோயிலுக்கு எவ்வளவு தூரம், சந்தியில் என்ன கடை. வீட்டுக்கு முன்னால் என்ன இருக்கு என்று கேட்டார்களாம். மாமரம் என்றாராம். எத்தனை? இரண்டு என்றாராம்.

“ஆனா மூண்டு நிண்டது. வெளியால வந்து பஸ்ஸில ஏறினாப் பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒரு மாசம் நித்திரை இல்லை எனக்கு, மூண்டாவது மரத்தை நினைச்சு.”

நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் பின்னால் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“மூண்டு எண்டு ஆர் சொன்னது? நாலு!”